கோப்பின் பெயரும் ஆளின் பெயரும்

கணினி நிரல்களைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் கலைப் பட்டதாரி. முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன். ஆயினும், கோப்பின் பெயரையும் அது இருக்கும் பாதையையும் பிரிக்கவும் சேர்க்கவும் சீராக்கவும் நிரலாளர்கள் எழுதி வைத்திருக்கும் சின்னஞ்சிறு செயற்கூறுகள் சில மாதங்களாக என் சிந்தனையை விட்டு அகலவில்லை. எங்கள் கல்முனைப் பக்கத்து மனிதர்களின் பெயர்களை அவற்றின் வழியாகச் செலுத்திப் பார்த்ததுதான் காரணம்.

அறியாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி, கடைசியில் ஒரு கோப்பை வைக்கிறோம். 'கட்டுரை/1998/கல்முனை/சந்தை.டொக்' என்பது அதன் முழு விலாசம். கடைசிச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பாதை. பின்னால் இருப்பது பெயர். பெயரிலும் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவது, கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் பின்னொட்டு. பைத்தன் மொழியில் இவற்றைப் பிரிப்பதற்கு பேஸ்நேம், டிர்நேம், ஸ்ப்ளிட்எக்ஸ்ட் என்றும், ஒட்டுவதற்கு ஜொயின் என்றும் செயற்கூறுகள் உள்ளன. இவ்வளவு சிறிய வேலைக்குத் தனிச் செயற்கூறு எதற்கு? யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் சாய்கோடு ஒரு பக்கம் சாயும். விண்டோஸில் மறுபக்கம் சாயும். 1983இல் எம்எஸ்-டொஸ் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் அறிமுகமானபோது, வழக்கமான சாய்கோடு வேறொரு வேலைக்கு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. எனவே தலைகீழ்ச் சாய்கோட்டைப் பிடித்தார்கள். அந்தப் பிணக்கு இன்றுவரை தீரவில்லை.

நிரலின் பகுதிகளை மொடியூல் என்கிறார்கள். அவற்றின் பெயரில் சாய்கோட்டின் இடத்தில் புள்ளி வரும். 'செய்தி.கல்முனை.சந்தை' என்றால், செய்தி என்ற கோப்புறையின் உள்ளே கல்முனை, அதன் உள்ளே சந்தை. ஆகவே புள்ளிக்கு இரண்டு பொருள். ஓரிடத்தில் அது பின்னொட்டைப் பிரிக்கிறது. மற்றோரிடத்தில் பெற்றோரையும் பிள்ளையையும் பிரிக்கிறது.

இந்த இரண்டு பொருளும் மோதிக்கொண்டதை என் மருமகன் காட்டித் தந்தார். ஒலுவிலில் படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறார். என் பழைய செய்திகளும் அவற்றுக்காகச் சேர்த்த ஆவணங்களும் நெகிழ்தட்டுகளிலிருந்தும் குறுந்தட்டுகளிலிருந்தும் ஒரு வன்தட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. பல கோப்புகளுக்குப் பின்னொட்டே இல்லை. அவற்றை ஒழுங்காக்க ஒரு நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தவர், சிரித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"மாமா, இது அஷ்ரப் எண்டத்தப் பின்னொட்டு எண்டு வெட்டிப்போட்டு, எம்.எச்.எம். எண்டு மட்டும் வெச்சிருக்கு."

முஸ்லிம் காங்கிரஸின் தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபோது எழுதிய குறிப்பு அது. கோப்பின் பெயர் அவருடைய பெயர்தான். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பின்னொட்டு என்பது செயற்கூறின் விதி. விதிப்படி அது செய்தது சரி. ஆனால் ஆளின் சொந்தப் பெயர் போய், முதலெழுத்துகள் மட்டும் மிஞ்சின.

அதே பெயரை மொடியூலின் பெயராகப் பாவித்துப் பாருங்கள். முன்னால் உள்ள எழுத்துகள் கோப்புறைகள். கடைசியில் உள்ளது ஆள். எங்கள் வழக்கத்துக்கு இதுதான் கிட்ட வருகிறது. அம்பாறைக் கரையில் ஏ.எல். என்றால் ஆதம் லெப்பை அல்லது அகமது லெப்பையின் பிள்ளை, யூ.எல். என்றால் உதுமா லெப்பையின் பிள்ளை. முதலெழுத்து அலங்காரத்துக்கு வருவதில்லை. இன்னார் வீட்டு ஆள் என்று வழி சொல்வதற்கு வருகிறது. பின்னொட்டுகளின் பட்டியல் ஒன்றை மருமகன் கையால் எழுதி, அதில் இருப்பவற்றை மட்டும் வெட்டு என்று நிரலைத் திருத்தினார். அஷ்ரப் மீண்டு வந்தார்.

அடுத்த சிக்கல் பாமினி. இலங்கைப் பத்திரிகைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்த எழுத்துருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. கல்முனை என்று அடித்தால் கணினிக்குத் தெரிவது எஃப், வை, அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி. சேமிக்கப் போனால் வேர்ட் மென்பொருள் முதல் வரியையே கோப்பின் பெயராக முன்மொழியும். அவசரத்தில் இருக்கும் ஊர் நிருபர் சரி என்று தட்டிவிடுவார். ஆயிரக்கணக்கான கோப்புகள் இப்படிப் பெயர் பெற்றன.

பாமினியில் 'கடி' என்பது சிறிய எஃப், பி. 'குடி' என்பது பெரிய எஃப், பி. லினக்ஸுக்கு இவை இரண்டு பெயர்கள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும் என்பதால், ஒரே கோப்புறையில் இரண்டும் இருக்க இயலாது. ஒன்றின் மேல் மற்றது எழுதப்பட்டுவிடும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி என்பது தாய் வழியாக வருவது. பள்ளிவாசல் மரைக்கார்மார் குடியின்படி வந்தவர்கள். முதலெழுத்து தந்தையைச் சொல்கிறது, குடி தாயைச் சொல்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பாதைகள். அதைப் பற்றி எழுதிய கோப்பை நாய்க்கடிச் செய்தி ஒன்று விழுங்கிவிடலாம் என்பது வேடிக்கைதான், இழந்தவருக்கு வேடிக்கையாக இராது.

யுனிகோட் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நம்பியவர்களில் பலரும் அடங்குவோம். பெரும்பகுதி தீர்ந்தது உண்மை. ஆனால் 'கொ' என்ற எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை இரண்டு பெயர்கள். இதைச் சீராக்கவும் செயற்கூறு உண்டு; அதை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'மௌலவி' என்பதற்கு ஔகாரக் குறி போடாமல், கொம்பு போட்டு ளகரம் அடித்து 'மெளலவி' என்று எழுதுபவர்கள் ஏராளம். இதைச் சீராக்கும் செயற்கூறு தொடாது. ளகரம் வேறு எழுத்து என்பதால் அது கை வைக்க மறுக்கிறது, மறுப்பதும் சரியே. அஷ்ரப், அஸ்ரப், அஷ்ரஃப் மூவரும் ஒருவரே என்பதும் அதற்குத் தெரியாது. ஊரார் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

இவ்வளவையும் நான் பொழுதுபோக்குக்காக எழுதவில்லை. அந்த வன்தட்டில் 2004 டிசம்பர் 26க்குப் பிந்திய பட்டியல்கள் இருக்கின்றன. ஆழிப்பேரலையில் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் பாடசாலைச் சுவர்களிலும் பள்ளிவாசல்களிலும் பெயர்ப் பட்டியல்கள் ஒட்டப்பட்டன. கையால் எழுதியவை, பாமினியில் அடித்தவை, ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதியவை என்று எல்லாம் கலந்திருந்தன.

பல பட்டியல்களை ஒன்றாக்கிய ஓர் அமைப்பு, ஊர் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, முதலெழுத்துகளுடன் பெயர் என்ற கட்டத்தை மட்டும் ஒப்பிட்டு, இருமுறை வந்த பெயர்களை நீக்கியது. எம்.ஐ. பாத்திமா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரை மாற்றியிருக்கிறேன். ஒருவர் மருதமுனையில் முகம்மது இஸ்மாயிலின் மகள். மற்றவர் கல்முனைக்குடியில் முகம்மது இப்றாஹீமின் மகள். இரண்டு எம்.ஐ.யும் ஒன்றாகி, ஒரு பாத்திமா காணாமற் போனார். கடல் எடுக்காத அவரைப் பட்டியல் எடுத்துவிட்டது. நிவாரண வரிசையில் நின்று தன் பெயர் இல்லை என்று திரும்பிய அந்தப் பெண்ணை நான் கண்டிருக்கிறேன். அடையாள அட்டை கடலோடு போய்விட்டது. நான்தான் அந்த மற்றவள் என்று அவர் எதைக் காட்டி நிறுவுவார்?

பேஸ்நேம் என்ற செயற்கூறு செய்வதும் இதைத்தான். பாதையைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் தருகிறது. வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயருள்ள கோப்புகள் சண்டையின்றி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டும்போதுதான் ஒன்று மற்றொன்றை அழிக்கிறது. மருமகன் தன் நிரலில் இரண்டு கட்டளைகளைச் சேர்த்திருக்கிறார். பாதை முழுவதும் ஒத்திருந்தாலன்றி இரண்டு கோப்புகளை ஒன்று என்று கொள்ளாதே. அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மேலெழுதாதே, நின்று கேள்.

நின்று கேட்கும்போது பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த வேலை என்னுடையது. இது யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று ஊராரிடம் விசாரித்து ஓர் அட்டவணையில் எழுதி வருகிறேன். இப்போது பகர வரிசையில் நிற்கிறேன். பாத்திமாக்கள் மட்டும் பல பக்கம் வருகிறார்கள்.

டொரன்டோவிலும் லண்டனிலும் தோஹாவிலும் இருந்து இதை வாசிக்கும் எங்கள் பகுதி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாட்களில் ஊரிலிருந்து உங்களுக்கு வந்த பட்டியல்கள் பழைய கணினிகளில் கிடக்கலாம். அனுப்புவதற்கு முன் அவற்றின் பெயரை அழகுபடுத்தாதீர்கள், கோப்புறையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். எந்தக் கோப்புறைக்குள் எந்தப் பெயரில் கிடந்ததோ, அப்படியே அனுப்புங்கள்.