எப்போது பேசுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்

ஒண்டாரியோவிலிருந்து ஆர்.வி. எடுத்துக்கொண்டு அலாஸ்கா வரை போய்வர ஆசைப்படும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெற்றோல் செலவை அல்ல. "வழியில நெட் இருக்குமோ அண்ணை?" என்பதைத்தான். பல இடங்களில் இருக்கும், சில இடங்களில் அறவே இருக்காது என்று சொல்லிவிட்டு, நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: உங்கள் குரல் கேட்காவிட்டால் நித்திரை கொள்ளாதவர்கள் யார் யார்? அந்தப் பெயர்களை முதலில் எழுதுங்கள். சிம், டிஷ், பிளான் எல்லாம் அதற்குப் பிறகு.

போகிற பாதையில் எல்லை பலமுறை வரும். சார்னியாவில் புளூ வாட்டர் பாலம் ஏறி அமெரிக்காவுக்குள் போகிறவர், மொன்டானாவில் ஸ்வீட்கிராஸ் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குத் திரும்புகிறார். டோசன் க்ரீக்கில் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடித்து, யூகோனின் பீவர் க்ரீக்கைக் கடந்தால் மறுபடி அமெரிக்கா. இரண்டு நாட்டுக்கும் சேர்த்த பிளான் இருந்தால் ஒவ்வொரு தாண்டலுக்கும் தனிக் கட்டணம் விழாது. ஆனால் குறிப்பிட்ட ஜிபி முடிந்ததும் வேகம் படுத்துவிடும். பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளைக் கொண்டு படிப்பியுங்கள். அப்படியொரு பிளான் இல்லாதவர்களுக்கும் கனடாவில் ஒரு காவல் உண்டு. 2013இல் நடைமுறைக்கு வந்த வயர்லெஸ் விதிகளின்படி, நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் ஒரு மாத பில்லில் டேட்டா ரோமிங் கட்டணம் 100 டொலரைத் தாண்டக் கூடாது. எல்லை ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்றாலும் போன் அந்தக் கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. அங்கே ரோமிங்கை அணைத்து வையுங்கள். வேறு நாட்டு டேட்டா வேண்டுமென்றால் ஈசிம் போடலாம். சொந்த சிம்மை மட்டும் கழற்றாதீர்கள், வங்கியின் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்.

அலாஸ்கா நெடுஞ்சாலை 1942இல் போர்க்கால அவசரத்தில் காட்டை வெட்டிப் போட்டது. அதில் ஃபோர்ட் நெல்சனுக்கும் வாட்சன் லேக்குக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீற்றர். மன்ச்சோ ஏரி, லியார்ட் வெந்நீரூற்று என்று கண்ணை விட்டு அகலாத இடங்கள் அங்கேதான் இருக்கின்றன. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லாத தூரமும் பெரும்பாலும் அதுதான். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருந்தால் போன் அங்கேயும் வழிகாட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. அதோடு 1949 முதல் வெளிவரும் 'மைல்போஸ்ட்' வழிகாட்டியையும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மைலில் பெற்றோல், எந்த மைலில் முகாம் என்பதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள பேட்டரி வேண்டாம்.

சிக்னல் இருக்கும் ஊர்களையும் முழுதாக நம்பிவிட முடியாது. 2024 மே மாதம் ஃபோர்ட் நெல்சன் பக்கம் எரிந்த காட்டுத்தீயில் கண்ணாடியிழைக் கம்பி சேதமாகி, யூகோன் வரைக்கும் இணையமும் கைபேசியும் நின்றுபோயின. அப்படியான நாளில் கடைகளில் கார்டு மெஷினும் ஓயலாம். இரண்டு நாட்டுக் காசும் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

2022இல் ஆர்.வி.காரர்களுக்கென்றே ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் வந்தது பெரிய உதவி. பழைய செய்மதி இணையம் ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். பேசினால் பதில் பிந்தி வரும். ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றரில் சுற்றுகின்றன, பேத்தியோடு வீடியோவில் பேசும்போது பக்கத்து அறையில் இருப்பதுபோல் கேட்கிறது. ஆனால் டிஷ்ஷுக்குத் திறந்த வானம் வேண்டும். ஸ்புரூஸ் மரங்கள் மறைத்தால் பேச்சு வெட்டி வெட்டி வரும். முகாமில் மனைவி நிழல் பார்த்து இடம் சொல்லுவார், நான் வெட்டவெளியைப் பார்ப்பேன். வண்டியை நிழலில் விட்டு, கேபிளை இழுத்து டிஷ்ஷை வெளியில் வைப்போம்.

மின்சாரம் கொடுக்காத முகாம் என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வழக்கமான டிஷ் 50 முதல் 75 வாட் வரை இழுக்கும். 100 ஆம்ப் அவர் ஈய பேட்டரி ஒன்றில் இருப்பது 1,200 வாட் அவர். அதில் பாதியைத்தான் பாதுகாப்பாக எடுக்கலாம். இரவு பத்து மணித்தியாலம் டிஷ்ஷை ஓடவிட்டால் அந்தப் பாதி முடிந்தது. ஹீட்டர் காஸில் எரிந்தாலும் அதன் விசிறி ஓடுவது அதே பேட்டரியில். செப்டம்பர் மாத யூகோன் விடியற்காலையில் விசிறி நின்றால் எங்கள் வயதில் அது விளையாட்டல்ல. பேசி முடிந்ததும் டிஷ்ஷை அணைத்துவிடுங்கள்.

பெயர்களை முதலில் எழுதுங்கள் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. நான் இங்கே, அம்மாவும் அக்காவும் அங்கே. கடிதம் கொழும்புக்கு வந்து, கொண்டுபோக ஒரு வழி பிறந்து, வீட்டுக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். வானொலியில் குண்டுவீச்சுச் செய்தி வந்த இரவுகளில் கடைசிக் கடிதத்தின் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அங்கே அம்மாவும் என் கடிதங்களை அப்படித்தான் வைத்திருந்தார். அந்தக் காலத்தின் பயம் எங்கள் குடும்பங்களை விட்டு இன்னும் போகவில்லை. சாவகச்சேரியில் இருக்கும் அக்காவுக்கு இன்றும் வழக்கமான நேரத்தில் என் போன் வராவிட்டால் சாப்பாடு இறங்காது. "அங்கே டவர் இல்லை அக்கா" என்று பிறகு விளக்கம் சொல்வதில் பயனில்லை, அந்த இரவை அவர் கழித்தாகிவிட்டது. புதன்கிழமை பேச முடியாது, வியாழக்கிழமை எடுப்பேன் என்று முதலே சொல்லிவிட்டால் புதன்கிழமை நிம்மதியாகப் படுப்பார்.

நேரம் சொல்லும்போது அது யாருடைய நேரம் என்பதையும் சொல்ல வேண்டும். யூகோன் 2020 முதல் கடிகாரத்தை முன்பின் மாற்றுவதில்லை. கோடையில் ரொறன்ரோவைவிட மூன்று மணித்தியாலம் பின்னால். எல்லை தாண்டி அலாஸ்காவுக்குள் போனால் நான்கு. யூகோனில் மாலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் இரவு 10, சாவகச்சேரியில் மறுநாள் காலை 7.30. மகள் படுக்கப்போகும் முன், அக்கா தேத்தண்ணி குடித்து முடிந்த நேரம். எனக்கு அந்த ஒரு நேரம் போதும். அலாஸ்காவுக்குள் அதுவே 6 மணி ஆகிவிடும். போன் தானாக மாறிக்கொள்ளும் என்பதால் கைக்கடிகாரத்தை ரொறன்ரோ நேரத்திலேயே விட்டுவைக்கிறேன்.

டிஷ் எடுத்துப்போக வசதியில்லாதவர்களுக்கு ஒற்றை வரிச் செய்தியே போதும். கார்மின் இன்ரீச் போன்ற கையடக்கக் கருவி, இரிடியம் செய்மதிகள் வழியாக "சுகம்" என்ற சொல்லையும் நிற்கும் இடத்தையும் சேர்த்து அனுப்பிவிடும். ஐபோன் 14 முதல் வந்த போன்களிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆபத்துக்குச் செய்மதி வழி உதவி கேட்கலாம். வீட்டுக் கூரை தெரியும் இடத்திலேயே இதையெல்லாம் ஒருமுறை பழகிப் பாருங்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் மகளின் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுவேன். வண்டி நிறம், இலக்கத்தகடு, ஒவ்வொரு இரவும் தங்க நினைக்கும் ஊர், பேச முடியாத நாட்கள். அடியில் இப்படி எழுதியிருக்கும்: சொன்ன நேரம் தவறினால் ஓர் இரவு பொறு. மறுநாள் மதியம் வரைக்கும் செய்தி இல்லையென்றால், கடைசியாகச் சொன்ன இடம் கனடாப் பக்கமானால் ஆர்.சி.எம்.பி., அலாஸ்காவானால் ஸ்டேட் ட்ரூப்பர்ஸ். இரண்டு நம்பரையும் நானே தேடி எழுதி, மகளோடு இருந்து ஒருமுறை வாசித்துக் காட்டி, மருமகனின் போனிலும் படம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுப்பேன்.