இஸ்பேட் இல்லை

ஜமுனாமரத்தூருக்கு மாற்றலாகி வந்த பிறகு மூன்று வருஷங்களாக நான் எதுவும் எழுதவில்லை. யாராவது கேட்டால் ‘வெறுமை’ என்று சொல்லிவந்தேன். சிறுபத்திரிகைக்காரனுக்கு அது கௌரவமான பதில். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

மழை நாட்களில் போளூர் பஸ் போய்விட்டால் ஜவ்வாது மலையில் எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. நாலு பேர் உட்கார்ந்து இருபத்தெட்டு ஆடுவோம். 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. ஏலம் எடுத்தவன் துருப்பைக் கவிழ்த்து வைத்திருப்பான். இறங்கிய இனம் தன் கையில் இல்லாதவன்தான் அதைத் திறக்கச் சொல்லலாம். இல்லாமை அங்கே ஓர் உரிமை. ஆனால் எங்களிடம் அதற்குப் பெயர் கிடையாது. ‘இஸ்பேட் இல்லை’ என்போம், அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பட்டணத்தில் பிரிட்ஜ் ஆடியவர். அதில் ஆளுக்கு 13 சீட்டு. கையை வர்ணிக்கும்போது அதன் உருவத்தையும் சொல்வார்களாம்: 4-4-3-2, 5-3-3-2 என்று. ஓர் இனத்தில் இரண்டே இருந்தால் டபிள்டன், ஒன்றே என்றால் சிங்கிள்டன், ஒன்றுமே இல்லையென்றால் வாய்ட். ஒன்பதுக்கு மேல் ஒரு சீட்டும் இல்லாத கைக்குக்கூட யார்பரோ என்று ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயர். அப்படி ஒரு கை வராது என்று ஆயிரத்துக்கு ஒன்று பந்தயம் கட்டினாராம். கணக்குப்படி அது 1827-க்கு 1. சமமாகப் பிரிந்த 4-3-3-3தான் சகஜம் என்று நினைத்திருந்தேன். நூற்றுக்குப் பத்துத் தடவைதான் வருமாம். 4-4-3-2 அதைப்போல் இரு மடங்கு.

வாய்டைத் தமிழில் ‘வெறுமை’ எனலாமா என்றேன். அவர் சிரித்தார். “தம்பி, பதிமூணு பதிமூணுதான். இஸ்பேட் இல்லேன்னா அந்த இடத்துல வேற சீட்டு வந்திருக்கு. எதுன்னு பாருங்க.” கூட்டாளியோடு துருப்பு ஒத்துப்போனால் வாய்டுக்கு மூன்று புள்ளி கூட்டிக்கொள்வார்கள். துருப்பில்லா ஆட்டத்தில் அதே வாய்ட் ஆபத்து.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்பை ‘வெறுமையின் தரிசனம்’ என்று புகழ்ந்து மதிப்புரை எழுதினேன். போன வாரம் திரும்பப் படித்தேன். அந்தச் சொல் பதினொரு இடத்தில் வருகிறது. மீதிச் சீட்டு எங்கே என்று அந்தக் கவிதைகள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே ஒரு கவிதையில், இறந்துபோன தகப்பனாரின் செருப்பு எடுப்பாரின்றி வாசலிலேயே கிடக்கிறது. அதில் வெறுமை என்ற சொல் இல்லை. என் மதிப்புரையில் அந்தக் கவிதையும் இல்லை.

நண்பர் இதைப் படிப்பார். கொடுத்த பாராட்டைத் திரும்பக் கேட்பது வசவைவிட மோசம் என்பது எனக்குத் தெரியும். தவறு அவருடையதைவிட என்னுடையது.

என் கையையும் எண்ணிப் பார்த்தேன். நகைக்கடன், பயிர்க்கடன், பென்ஷன் கணக்கு, சனிக்கிழமை இரவு வேலூரில் மனைவி, குழந்தை, திங்கள் விடியற்காலை பஸ். எழுத்தில் சீட்டு இல்லை, மற்றதெல்லாம் நீளம். ‘நேரமில்லை’ என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் கௌரவம் குறைவு.