தொலைந்த சைபருக்கு நான்தான் பொறுப்பு

செய்யாத தவறுக்காக ஒரு பெண்ணைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். தவறு செய்தவன் நான்.

ஏழை மாணவர்களுக்குப் படிப்புச் செலவுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையில் கணக்குப் பார்க்கிறேன். ஒரு வருடம், அனுப்பிய தொகையில் ஒரு பகுதி கணக்கு எண் தவறென்று திரும்பி வந்தது. பட்டியலைப் பார்த்தேன், பல எண்களில் முன்னால் இருக்க வேண்டிய சைபரைக் காணோம். விவரங்களைப் பதிவு செய்த பெண்ணைக் கூப்பிட்டேன். "சார், நான் சைபர் போட்டுத்தான் அடிச்சேன்" என்றாள். நான் நம்பவில்லை. "பொய் சொல்லாதேம்மா" என்றுகூடச் சொன்னேன்.

பிறகு பார்த்தால், அவள் தந்த சிஎஸ்வி கோப்பில் எல்லாம் சரியாகவே இருந்தன. அதை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்து, அதே பெயரில் சேவ் செய்தது நான். எண் போலத் தெரிவதையெல்லாம் எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். முன்னால் உள்ள சைபர் போய்விடும். 15 இலக்கங்களுக்கு மேல் அதற்குக் கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சைபராகிவிடும். 12 இலக்க ஆதார் எண் 2.34568E+11 என்பதுபோலச் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் திரும்பி வரவே வராது. 12/5 என்ற கதவு எண் மே 12 ஆகிவிடும். அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினேன். 45424 என்று வந்தது. 1900-லிருந்து நாள்களை எண்ணி எக்செல் வைத்திருக்கும் கணக்கு அது. கதவு எண் அங்கே இல்லவே இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. SEPT2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றுகிறது என்று 2004-லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். நான் அதைப் படித்திருந்தேன். படித்தும், என் கை செய்த வேலையைச் சந்தேகிக்காமல் அவள் கையைச் சந்தேகித்தேன். சம்பளத்திலும் பதவியிலும் எனக்குக் கீழே இருந்தவள் என்பதால் அது எளிதாக இருந்தது. இதுதான் என் உண்மையான குற்றம். அவளைக் கண்டித்த அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கல்லூரியில் பணம் கட்டக் கெடு முடிந்து, வட்டிக்கு வாங்கிக் கட்டிய குடும்பங்களுக்கு அந்த மன்னிப்பு எதையும் ஈடுகட்டாது.

இப்போது எந்தக் கோப்பையும் டபுள் கிளிக்கில் திறப்பதில்லை. எக்செலில் டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, கணக்கு எண், ஆதார், தொலைபேசி, கதவு எண் எல்லாவற்றையும் டெக்ஸ்ட் என்று குறித்த பிறகே ஏற்றுகிறேன். லிப்ரெ ஆபீஸ் கோப்பைத் திறக்கும்போதே அதைக் கேட்கும். கூகுள் ஷீட்ஸில் எண்ணாக, தேதியாக மாற்றும் டிக்கை எடுத்துவிட வேண்டும். எக்செலிலும் 2023 முதல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்த வழி உண்டு. மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்து, பணம் அனுப்பும் முன் பட்டியலை அதோடு ஒப்பிடுகிறேன். பொருந்தாத எண் ஒன்று இருந்தாலும், யாரையும் கேட்பதற்கு முன் நான் செய்ததைத்தான் முதலில் சரிபார்க்கிறேன்.