மூன்று எல்லை, ஆறு சாவடி

"ஐரோப்பாவிலே ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போறது, மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் போற மாதிரிதான் அக்கா. யாரும் நிறுத்திக் கேட்கக்கூட மாட்டாங்க!"

வியன்னாவில் இருக்கும் என் தங்கை டெலிபோனில் இப்படிச் சொன்னபோது நானும் நம்பிவிட்டேன். அவள் சொன்னது பாதிதான் நிஜம். அது 2024 ஆகஸ்ட் 3-ம் தேதி சனிக்கிழமை மத்தியானம்தான் எனக்குப் புரிந்தது. ஹங்கேரிக்கும் செர்பியாவுக்கும் நடுவே, கொளுத்துகிற வெயிலில், ஒன்றேகால் வயதுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நாலரை மணி நேரம் காத்துக் கிடந்தோம்.

இப்போது நம்மில் பலருக்கும் பிள்ளையோ பெண்ணோ தங்கையோ அந்தப் பக்கம் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு நீங்கள் போயிருக்கும்போது, "காரிலேயே கிரீஸ் போய் வரலாமா?" என்று யாராவது ஆரம்பித்தால், நான் பட்டது உங்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தங்கை, மாப்பிள்ளை, எட்டு வயதுப் பெரியவள், கைக்குழந்தை, நான் என்று ஐந்து பேர் கிளம்பினோம். வியன்னாவிலிருந்து கிரீஸில் உள்ள தெசலோனிகிக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். ஹங்கேரி, செர்பியா, வடமாசிடோனியா மூன்றையும் தாண்டிப் போக வேண்டும். "நல்ல ரோடு அக்கா, ஒரே ஓட்டம்தான்" என்றார் மாப்பிள்ளை.

ஆஸ்திரியா, ஹங்கேரி, கிரீஸ் மூன்றும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் சேர்ந்தவை. ஹங்கேரிக்குள் நுழைந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் செர்பியாவும் வடமாசிடோனியாவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே வழியில் மூன்று இடத்தில் எல்லையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு எல்லையிலும் வெளியே அனுப்புகிற தேசத்துக்கு ஒரு சாவடி, உள்ளே விடுகிற தேசத்துக்கு ஒரு சாவடி. மூன்று எல்லை, ஆறு சாவடி! இந்தச் சின்னக் கணக்கை வீட்டில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

அங்கே ஏன் இத்தனை கூட்டம்? யுகோஸ்லாவியா ஒரே தேசமாக இருந்தபோது ஆஸ்திரிய எல்லையிலிருந்து கிரீஸ் எல்லை வரை ஒரே நாட்டுக்குள் போய்விடலாம். 1991-லிருந்து அது துண்டு துண்டாகப் பிரிந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பின கதைதான். அந்த நாட்டுக்காரர்களும் துருக்கியரும் 1960-களிலிருந்து ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் வேலைக்குப் போனார்கள். துருக்கியுடன் ஜெர்மனி 1961-லும் ஆஸ்திரியா 1964-லும் இதற்கென்றே ஒப்பந்தம் போட்டன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் கோடை லீவு விட்டதும் கார் நிறையச் சாமானோடு சொந்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். தீபாவளிக்கு முதல் நாள் சென்னையை விட்டுக் கிளம்புகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரையும் நிறுத்தி ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் புரட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அதுவும் சனிக்கிழமை பட்டப்பகலில், நாங்கள் போய் மாட்டிக்கொண்டோம்.

முதல் ஒரு மணி நேரம் சிரிப்பும் பாட்டுமாகப் போயிற்று. பிறகு கார் நத்தையாக ஊர ஆரம்பித்தது. இன்ஜின் சூடாகிவிடுமே என்று மாப்பிள்ளை ஏர்கண்டிஷனை நிறுத்தினார். மூன்றாவது மணியில் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டாள். "அப்பாடா, தூங்கிட்டா" என்றாள் தங்கை. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாக இருக்கிறது. உதடு காய்ந்திருக்கிறது. காலையில் கட்டின டயப்பர் ஈரமே ஆகவில்லை! ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எங்கே என்றால், மருந்துப் பை டிக்கியில், நாலு பெட்டிக்கு அடியில்.

மாப்பிள்ளை நடுரோட்டில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காரிலிருந்து தலையில் முக்காடு போட்ட ஒரு துருக்கிப் பாட்டி இறங்கி வந்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. குழந்தையை ஒரு பார்வை பார்த்தாள். தன் காரிலிருந்து குடையும் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்தாள். துண்டை நனைத்துக் குழந்தையின் கழுத்தையும் அக்குளையும் துடைத்தாள். நான் ஓ.ஆர்.எஸ். கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கக் கொடுக்க, குடை பிடித்தபடி நின்றாள். கால் மணி கழித்துக் குழந்தை கண்ணைத் திறந்து சிணுங்கியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டி என் கையில் ஒரு டம்ளரைத் திணித்தாள். குடித்துப் பார்த்தால், உப்புப் போட்ட நீர்மோர்! அவர்கள் அதை 'அய்ரான்' என்கிறார்கள்.

சாவடியிலும் ஒரு சோதனை காத்திருந்தது. அதிகாரி என் பாஸ்போர்ட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசாவில் ஓரிடத்தில் விரலை வைத்து, 'மல்ட்' என்ற எழுத்தைக் காட்டித் தலையாட்டினார். பல முறை நுழையலாம் என்று அதற்கு அர்த்தம். அங்கே '1' என்று மட்டும் இருந்திருந்தால், ஹங்கேரியை விட்டு வெளியே வந்ததோடு என் விசா முடிந்திருக்கும். கிரீஸுக்குள்ளும் போக முடியாது, பெட்டி படுக்கையை எடுக்க வியன்னாவுக்கும் திரும்ப முடியாது. இதைப் பற்றி யோசிக்காமலேயே கிளம்பியிருக்கிறேன், பாருங்கள்!

அன்றைக்கு அதற்கு மேல் போகவில்லை. சுபோடிட்சா என்ற ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "வெயிலும் நீர் வற்றினதும்தான் காரணம், சரியாகிவிடும்" என்றார். பக்கத்தில் பாலிச் என்ற ஏரிக்கரையில் அறை எடுத்தோம். பெரிய மரங்களும் நிழலும் ஏரிக் காற்றுமாக அருமையான இடம். மறுநாள் முழுவதும் அங்கேயே தங்கினோம். சுபோடிட்சாவின் நகர மண்டபம், வண்ண ஓடும் பூ வேலையுமாகக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். நாங்கள் போட்ட திட்டப்படி ஓடியிருந்தால் அதைப் பார்த்தே இருக்க மாட்டோம்.

அந்த ராத்திரி நானும் தங்கையும் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மளிகை லிஸ்ட் போடுகிற மாதிரி எழுதினோம். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை!

1. விசா: விமான டிக்கெட் வாங்கும் முன்பே, 'பல முறை' விசா கேட்டு விண்ணப்பியுங்கள். 2022 கடைசி வரை இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் செர்பியாவில் விசா தேவைப்படவில்லை. 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. ஆனாலும் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் தனி விசா வேண்டாம். வடமாசிடோனியா 'பல முறை' விசாவைத்தான் ஒப்புக்கொள்ளும். இந்த விதிகள் மாறுகிறவை. கிளம்பும் மாதம் அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுக்கொள்வதுதான் உத்தமம். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

2. நாளும் நேரமும்: ஜூலையிலும் ஆகஸ்டு முதல் பாதியிலும் தெற்கே போகும் கூட்டம், ஆகஸ்டுக் கடைசியில் வடக்கே திரும்பும் கூட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதனில் விடியற்காலை ஐந்து மணிக்குள் சாவடிக்குப் போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாளைக்கு ஒரு எல்லைதான். எல்லையைத் தாண்டின ஊரில் அன்றைக்குத் தங்கிவிட வேண்டும்.

3. எந்தச் சாவடி: எல்லோரும் பெருஞ்சாலையிலேயே போகிறார்கள். ஹங்கேரி-செர்பியா எல்லையில் ரொஸ்கெ-ஹோர்கோஷ் பெரிய வழி. மேற்கே தொம்பா-கெலெபியா சின்ன வழி. சில சின்னச் சாவடிகள் ராத்திரியில் மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொள்ள வேண்டும். செர்பியாவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.எம்.எஸ்.எஸ்., எந்தச் சாவடியில் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அறிவிக்கிறது. முதல் நாள் இரவும் காலையிலும் செல்போனில் பார்த்துவிட்டுத்தான் எந்த வழி என்று முடிவு.

4. கார் காகிதங்கள்: இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் 'கிரீன் கார்டு' வாங்க வேண்டும். பெயர்தான் பச்சை, இப்போது வெள்ளைத் தாளிலும் அச்சடிக்கிறார்கள். அதில் தேசங்களின் எழுத்துக்கள் இருக்கும். அடித்துவிட்ட தேசத்தில் அது செல்லாது. வாடகைக் கார் என்றால் வெளிதேசத்துக்கு எடுத்துப்போக எழுத்தில் அனுமதி வேண்டும்.

5. சாப்பாட்டுக் கூடை: ஐரோப்பிய யூனியனுக்குள், அதாவது இந்த வழியில் கிரீஸுக்குள்ளோ திரும்பி ஹங்கேரிக்குள்ளோ நுழையும்போது, வெளியிலிருந்து பாலும் பால் சாமான்களும் மாமிசமும் கொண்டுபோகக் கூடாது. தயிர்சாதத்தை எல்லைக்கு முன்பே காலி செய்துவிடுங்கள். குழந்தையின் பால் பவுடருக்கு விலக்கு உண்டு. கம்பெனி டப்பாவில், குளிர்பெட்டியில் வைக்கத் தேவையில்லாததாக, இரண்டு கிலோ வரை கொண்டுபோகலாம். பழங்களில் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் தவிர மற்றவற்றுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். நாங்கள் புளியோதரையும் வாழைப்பழமுமாகச் சமாளித்தோம்.

6. குழந்தைக்கு: மருந்துப் பை மடியில், டிக்கியில் அல்ல. தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, பருத்தித் துண்டு, ஜன்னலுக்குத் துணி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின நீரில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக் குறையக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலோ, கண்ணீர் வராமலோ, கண் குழிந்தோ, துவண்டோ போனால் வரிசையில் காத்திருக்கக் கூடாது. இறங்கிப் போய்ப் போலீஸிடம் சொல்லுங்கள். ஹங்கேரியிலும் கிரீஸிலும் 112, செர்பியாவிலும் வடமாசிடோனியாவிலும் ஆம்புலன்ஸுக்கு 194.

இந்த லிஸ்டின்படிதான் பிறகு பிரயாணம் செய்தோம். பெல்கிரேடில் சாவா நதி டான்யூபில் கலக்கிற இடத்தைக் கோட்டை மேலிருந்து நிதானமாகப் பார்த்தோம். நீஷ் நகரில் தங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இரண்டாவது எல்லை. அரை மணியில் வடமாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யே பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அன்னை தெரசா 1910-ல் பிறந்த ஊர் அது. அவருடைய நினைவில்லத்துக்குள் நுழைந்தபோது, கல்கத்தாவுக்குப் போகக் கிளம்பின அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணையும், அவளை அனுப்பிவைத்த அம்மாவையும் நினைத்துக்கொண்டேன். 1963 பூகம்பத்தில் காலை 5-17-க்கு நின்றுபோன பழைய ரயில் நிலையக் கடிகாரத்தையும் பார்த்தோம்.

ஸ்கோப்யேயில், "கொசோவோ பக்கத்திலேதானே இருக்கு, திரும்பும்போது அந்த வழியாகச் செர்பியாவுக்குப் போயிடலாமே" என்றார் மாப்பிள்ளை. விசாரித்ததில் நல்லவேளை, தப்பினோம். கொசோவோவைச் செர்பியா தனி நாடாக ஏற்கவில்லை. மாசிடோனியா வழியாகக் கொசோவோவுக்குள் போனவர்களிடம் செர்பியாவின் நுழைவு முத்திரை இருக்காது; அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் போனால் திருப்பி அனுப்புவார்கள். கிரீன் கார்டும் கொசோவோவில் செல்லாது, எல்லையில் தனி இன்ஷூரன்ஸ் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 20 செவ்வாய்க்கிழமை தெசலோனிகியிலிருந்து திரும்பினோம். மூன்று நாள், மூன்று எல்லை. கடைசி நாள் விடியற்காலையில் கெலெபியா வழியாக ஹங்கேரிக்குள் நுழைந்தோம். ஆறு சாவடிக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை!

இப்போது போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். 2025 அக்டோபர் 12-லிருந்து ஷெங்கன் எல்லைகளில் நம்மைப் போன்ற வெளிதேசத்தாரிடம் முத்திரைக்குப் பதிலாக விரல் ரேகையும் போட்டோவும் எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ரேகை இல்லை, போட்டோ மட்டும்தான். முதல் தடவை இதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரை வழியிலும் ஷெங்கனில் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. 'ஒரு முறை' விசாதான் கிடைத்தது என்றால், தூரம் கூடினாலும் ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா வழியாகக் கிரீஸுக்குப் போகலாம். குரோஷியா 2023 ஜனவரி 1-லேயே சேர்ந்துவிட்டது. டுப்ரோவ்னிக் போகிறவர்கள் 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலத்தின் வழியாகப் போனால், போஸ்னியாவுக்குள் நுழையாமலே போய்ச் சேரலாம்.

கெலெபியாவில் எங்கள் முறை வந்தபோது சின்னவள் என் மடியில் வாயைத் திறந்துகொண்டு நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். டயப்பர் நல்ல ஈரம்! எனக்கு அப்போதுகூட அந்தப் பாட்டியின் நினைப்புத்தான். அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பியபின், வெயில் நாளில் வாசலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலே ஒரு டம்ளர் நீர்மோர் கொடுக்கிறேன்.