கப்பலில் ஒரு வேளை உணவு

2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் தொடக்கத்தில், புதுவைக் கடற்கரைச் சாலையில் ஒருநாள் வழக்கத்திற்கு மாறான கூட்டம். கார்டெலியா உல்லாசக் கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து அக்கப்பல் முதன்முதலாக இப்பக்கம் வந்தபோது, அதிலுள்ள சூதாட்டக் கூடத்தைச் சுட்டி எதிர்ப்பு எழுந்தமையால் புதுவை அரசு அனுமதி மறுத்துவிட்டது. மூன்றாண்டு கழித்து அனுமதி கிடைத்தது. பயணிகள் சிறு படகுகளில் கரைசேர்ந்தனர். நம் ஊரின் நிலை என்றும் அதுதான். 1866 இல் பிரெஞ்சுக்காரர் கடலுக்குள் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம் இருந்த காலத்திலும் பெருங்கப்பல்கள் தொலைவில்தான் நின்றன. 1952 புயலில் அந்தப் பாலமும் போயிற்று.

நாமும் நம் துணைவியாரும் அஸருக்குப் பின் அங்கே போய் நின்றோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த துணைவியார், "அந்தக் கப்பலில் சாப்பாடும் சேர்த்துத்தான் சீட்டா?" என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றோம். அத்துடன் பேச்சு முடிந்ததாகவே எண்ணினோம்.

முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் நம் மகளிடம் தொலைபேசியில் இந்தச் செய்தி போயிற்று. சில திங்களில் மருமகன், அங்கிருந்து பினாங்கு சென்று மீளும் நான்கு நாள் கப்பற்பயணம் ஒன்றுக்கு நம்மிருவரையும் சேர்த்து ஆறு பேருக்குச் சீட்டு எடுத்துவிட்டார். சூதும் மதுவும் உள்ள இடத்திற்கு நாம் போகலாமா என்று முதலில் தயங்கினோம். பெரிய விடுதிகள் எதில்தான் அவை இல்லை, அப்பக்கம் போகாமல் இருப்பது நம் கையில்தானே இருக்கிறது என்று மருமகன் சொன்னார். அரைமனத்துடன் இசைந்தோம்.

பிறகுதான் உணவுக் கணக்கு வந்தது. கப்பற் கட்டணத்திலேயே பொது உணவுக்கூடத்தின் மூன்று வேளை உணவும் அடங்கும். அதனுள் என்ன உண்டாலும் எத்தனை முறை உண்டாலும் தனிக்காசு இல்லை. ஆனால் கப்பலில் வேறு சில உணவகங்களும் உண்டு. அவற்றில் அமர வேண்டுமானால் தலைக்கு இவ்வளவு என்று மேற்கொண்டு செலுத்த வேண்டும். அவற்றுள் ஒன்று கிழக்காசிய உணவகம். ஓர் இரவுக்குத் தலைக்கு 40 வெள்ளி, ஆறு பேருக்கு 240 வெள்ளி. நம் பணத்தில் ஏறத்தாழ 16,000 ரூபாய். முன்கூட்டியே பதிந்தால்தான் இடம் உறுதி. "அத்தா, போடட்டுமா?" என்று மகள் கேட்டாள்.

"வேண்டாம்" என்று உடனே சொன்னோம். சொன்னதோடு நில்லாமல் ஒரு சிறு பயானும் செய்தோம். ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய உணவு மேசைமேல் குவிந்திருக்க, அதே பசிக்கு மறுமுறை விலை கொடுப்பது இஸ்ராஃப் அன்றோ? நம் மஹல்லா மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதின் மாத ஊதியம் இந்த ஒரு வேளை உணவுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். இப்படிப் பேசும்போது நமக்கே நம் பேச்சு நன்றாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

துணைவியார் கூடத்து மூலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே, "நாம் போகாமலிருந்தால் அந்தப் பணத்தை உஸ்தாதிடம் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்.

நாம் விடை சொல்லவில்லை. மகள் மறுமுனையில் காத்திருந்தாள். பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டோம்.

இந்த இடத்தில் கப்பற்காரரின் கணக்கையும் சொல்லிவிடுதல் நல்லது. சீட்டின் விலையைக் குறைத்து வைத்து ஆளை ஏற்றுவது, ஏறியபின் மது, சூது, கரையிறங்கிச் சுற்றிப் பார்த்தல், தனியுணவகம் முதலியவற்றால் பணம் ஈட்டுவது என்பதே இத்தொழிலின் முறை. மதுவும் சூதும் தீண்டாத நம்மவர் அவர்களுக்கு இலாபமற்ற விருந்தாளிகள். நம்மிடம் அவர்கள் எடுக்கக் கூடியது இந்த உணவகக் காசு ஒன்றுதான் போலும்! இது புதிதாக வந்த வழக்கமும் அன்று. 1905 இல் ஜெர்மானியரின் 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸ் பெயரால் தனிவிலை உணவகம் திறந்தார்கள். 1912 இல் மூழ்கிய 'டைட்டானிக்'கிலும் அப்படியொன்று இருந்தது. ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு. பயணம் முழுதும் அந்தத் தனியுணவகத்திலேயே உண்பதாகச் சொல்லும் முதல் வகுப்பாருக்குக் கப்பற் கட்டணத்தில் ஒரு பகுதி கழித்துக் கொடுக்கப்பட்டது. இன்றைய கப்பல்களில் பொதுக்கூடத்தில் உண்ணாத வேளைக்கு யாரும் காசு திருப்பித் தருவதில்லை.

முற்காலக் கப்பல்களில் வகுப்பு வெளிப்படையாக இருந்தது. நம் பெரியத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' ஏறிப் பினாங்கு சென்றவர். 1926 இல் கட்டப்பெற்று 1973 வரை ஓடிய கப்பல் அது. மேல்தளத்துப் பயணியாய்ப் பாயை விரித்துப் படுத்துச் சென்ற கதையை ஊர் வந்தபோதெல்லாம் சொல்வார். பெரிய தேக்சாவில் வந்த சோற்றையும், உம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தையும், அப்பொட்டலத்தால் கிடைத்த நண்பர்களையும் பற்றி அவர் பேசினால் பொழுது போவது தெரியாது. ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' வந்தது. அதுவோ 1966 இல் பிரெஞ்சுக்காரருக்காகக் கட்டப்பெற்று 'பாஸ்தேர்' என்ற பெயரில் ஓடிய கப்பல். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றி, உயிர்கள் பல போயின. சென்னை சிங்கப்பூர்ப் பயணிக் கப்பற் போக்குவரத்தும் அத்தோடு ஓய்ந்தது. இன்றைய கப்பலில் மேல்தளம் கீழ்த்தளம் எனச் சோற்றில் வேறுபாடு இல்லை என்பார்கள். தலைக்கு 40 வெள்ளி என்று எழுதிய பலகைதான் அந்த வேறுபாட்டை இப்போது செய்கிறது என்பது நம் கருத்து.

ஆயினும் நம் துணைவியாரை இழுத்தது அந்தப் பலகை அன்று என்பதை நாம் அறிந்துகொள்ள இரண்டு நாளாயிற்று.

திருமணமாகி நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் இதுவரை சொல்லாத ஒன்றை அன்றிரவு சொன்னார். அவர்தம் தந்தையார் சைகோனில் துணிக்கடையில் இருந்தவர் என்பது நாம் அறிந்ததே. புதுவையிலும் காரைக்காலிலும் அத்தகைய குடும்பங்கள் பல. சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935 இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு விளங்குகிறது. நாம் அறியாதது, காஜியார் தெருவில் துணைவியார் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த ஒரு 'சைகோன் மாமி'யைப் பற்றியது. அவ்வூர்ப் பெண்மணி. கலிமாச் சொல்லி நம்மவர் ஒருவரை மணந்து கணவரோடு இங்கு வந்துவிட்டவர். தமிழ் கடைசிவரை அவருக்குச் சரியாக வரவில்லை. பெருநாள் பிற்பகலில், கோழியும் நண்டும் சேமியாவும் வைத்து அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்து அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாராம். இரு குச்சிகளால் அதை எடுத்து உண்ணவும் பழக்கினாராம். துணைவியாருக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது வயது. மாமி மௌத்தான பிறகு அப்பண்டம் அவ்வீதிக்கு வரவில்லை.

"புதுவையில் அது கிடைக்கும் கடைகள் இருக்கின்றனவே, ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே?" என்றோம்.

"அங்கெல்லாம் பன்றி இறைச்சியும் இருக்கும். அதுவுமன்றி, நீங்கள் என்னை எந்தக் கடைக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள்?" என்றார். அதில் குறைகூறும் தொனி இல்லை. நேரத்தைச் சொல்வது போலவே சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. நம் வீட்டில் சமைத்ததை நாம் உண்டோம். விருந்தினரும் உண்டனர். தேங்காய்ச் சோறும் தாளிச்சாவும் வட்டலப்பமும் அவர் கையால் எத்தனை வலீமாக்களுக்குப் போயிருக்கும் என்று கணக்கில்லை. அவர் அமர்ந்திருக்க இன்னொருவர் பரிமாறிய வேளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஃபஜ்ருக்குப் பின் திருமறையை விரித்து அல் அஃராஃப் அத்தியாயத்தில் அந்த இடத்தை எடுத்துப் பார்த்தோம். உண்ணுமாறும் பருகுமாறும் கட்டளையிட்ட பிறகே விரயம் செய்யாதிருக்கச் சொல்கிறது. நாம் மகளிடம் பின்பாதியை மட்டுமே சொல்லியிருந்தோம். அதற்கு அடுத்த வசனமோ, இறைவன் தன் அடியார்க்கென அளித்த அழகையும் நல்லுணவையும் தடுத்தவர் யார் என்று வினவுகிறது. அல் ஃபுர்கானில் நல்லடியாரின் இயல்பைச் சொல்லுமிடத்தில், விரயமும் கருமித்தனமும் ஒருசேர விலக்கப்பட்டுள்ளன. மக்காவில் நோயுற்றுக் கிடந்த ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களிடம், இறைவன் திருப்தியை நாடிச் செலவிடும் எதற்கும் நற்கூலி உண்டு, மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்திற்கும் அது உண்டு என்னும் பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் வருகிறது. இளமையில் பள்ளிவாசலில் இந்த ஹதீஸைப் பன்முறை கேட்டிருக்கிறோம். அது நம் வீட்டுக் கூடத்துக்கு வந்ததே இல்லை.

இனி ஹலால் வினா. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மருமகனைக் கொண்டு கப்பற்காரருக்கு எழுதச் செய்தோம். இறைச்சி ஹலால்தானா என்ற கேள்வி மட்டும் போதாது என்பது நாம் இதில் கற்றுக்கொண்டது. பொரிக்கும் எண்ணெய் பன்றி இறைச்சி பொரித்ததா, சாறிலும் குழம்பிலும் மது ஊற்றுகிறார்களா, பாத்திரமும் வெட்டும் பலகையும் தனியா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கப்பலேறிய பிறகு பரிமாறுபவரைக் கேட்டுப் பயனில்லை. அவர் முகமலர்ச்சியோடு எதற்கும் ஆம் என்பார். வந்த விடை இது: பொதுக்கூடத்தில் ஒரு பகுதி ஹலால் சமையலுக்கென்றே உள்ளது. தனியுணவகத்தில் அவ்வாறில்லை. ஆனால் ஒரு வாரம் முன்னறிவித்தால், மீன், நண்டு, காய்கறி கொண்டு மது சேராமல் தனிச் சட்டியில் சமைத்துத் தருவார்கள். மேசையில் மதுக்கிண்ணம் வைக்கமாட்டார்கள்.

ஆகக் கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த பண்டம் உண்ணப் போகிறோம். கணக்கு தெரிந்தவன் எவனும் இதற்கு உடன்பட மாட்டான். நாம் முப்பத்திரண்டு ஆண்டு கணக்கு ஆசிரியராய் இருந்தவர்.

மகளை அழைத்து, ஆறு பேருக்கு வேண்டாம், இரண்டு பேருக்குப் பதிந்துவிடு என்றோம். பணம் நம் ஓய்வூதியத்திலிருந்து என்பதையும் கண்டிப்பாகச் சொன்னோம். 80 வெள்ளி. பேரப்பிள்ளைகள் பொதுக்கூடத்தின் பனிக்கூழைவிட்டு எழமாட்டார்கள் என்பது முன்பே தெரிந்த செய்தி. மருமகனுக்குச் சற்று வருத்தம்தான். ஆறு பேருக்கும் தாம் கொடுப்பதாகச் சொன்னார். கொடுக்கட்டும், அது வேறு இரவில் என்று சொல்லிவிட்டோம்.

கப்பலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அறை சிறியது. கிப்லாவின் திசை கப்பல் திரும்புந்தோறும் மாறியது. தொழுகையைக் கஸ்ராக்கிக்கொண்டோம். பொதுக்கூடத்து உணவு குறைசொல்ல இடமின்றி இருந்தது. ஆனால் பரப்பி வைத்ததைக் கண்டு தட்டில் மலைபோல் அள்ளிக்கொண்டு பாதியை விட்டெழுந்தவர்களையும் அங்கேதான் கண்டோம். அவர்களுள் நம்மவரும் இருந்தனர். தனிக்காசு இல்லாத அந்த மேசையில் நடந்த விரயம் பற்றி நாம் யாருக்கும் பயான் செய்யவில்லை.

மூன்றாம் இரவு இருவரும் அவ்வுணவகத்திற்குச் சென்றோம். துணைவியார் பெருநாளுக்கு உடுத்தும் புடவையை உடுத்தி முக்காடிட்டு வந்தார். பணிசெய்த இளைஞர் நாற்காலியை இழுத்துக்கொடுத்தபோது, எதற்கு இழுக்கிறார் என்று விளங்காமல் துணைவியார் பின்வாங்கி நின்றார். பிறகு அமர்ந்தார். நண்டு வைத்துச் சுருட்டிப் பொரித்த பண்டம் ஆளுக்கு மூன்று வந்தது. நமக்குக் குச்சி பிடிக்க வரவில்லை. முள்கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டோம். துணைவியாரோ இரு குச்சிகளையும் சற்றே தட்டிச் சரிசெய்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, தவறவிடாமல் எடுத்தார். அறுபது ஆண்டுக்கு மேல் அவ்விரல்கள் அதை மறக்கவில்லை.

ஒன்றை முழுதாக உண்டு முடித்தபின், "மாமி மிளகு கூடப் போடுவார்கள். இது கொஞ்சம் சப்பென்றிருக்கிறது" என்றார்.

நன்றாயில்லையா என்று கேட்டோம். 80 வெள்ளி நினைவுக்கு வராமலில்லை.

"நன்றாயில்லை என்று நான் சொல்லவில்லையே" என்று சொல்லி, இரண்டாவதை எடுத்தார். நம் தட்டில் மிஞ்சியிருந்த ஒன்றை முள்கரண்டியால் குத்தி அவர் முன் நீட்டினோம். சுற்றுமுற்றும் பார்த்து, "இதென்ன, இந்த வயதில்!" என்றவர், அதைத் தம் தட்டில் வைத்துவிடச் சொன்னார். வைத்தோம்.

ஊர் திரும்பி வாரம் ஒன்று ஆன பிறகு, மஃரிபுக்கு நாம் புறப்படும்போது துணைவியார் வாசலில் நின்று, "நான்கு பேருக்கு மிச்சம் பிடித்தீர்களே, அந்த 160 வெள்ளி இருக்கிறதா?" என்று கேட்டார். உஸ்தாத் அந்நேரம் பள்ளியில்தான் இருப்பார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பெட்டியின் சாவி அவரிடமே இருந்தது.