மாதக் கடைசி

நம் பங்கில் கைம்பெண்ணான தாய் ஒருவர் இருக்கிறார். அவருடைய ஒரே மகன் மனைவி மக்களோடு அமெரிக்காவில் வாழ்கிறார். "மாதம் ஐந்து லட்சம் சம்பளமாம், சாமி! எனக்கு அனுப்புவது பத்தாயிரம்தான்" என்று அத்தாய் கண்கலங்கியபோது, நாமும் டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்த்துச் சினங்கொண்டோம். மகனைக் கடிந்து மடல் ஒன்றும் எழுதினோம். பதிலாக வந்தது அவருடைய மாதச் செலவுக் கணக்கு மட்டுமே.

அதன் பின்னரே இரு நாடுகளின் குடும்பச் செலவு ஆய்வுகளையும் நாம் புரட்டினோம். 2023ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் சராசரிச் செலவு 77,280 டாலர். அதாவது மாதம் 6,440 டாலர். அன்றைய மதிப்பில் ஐந்து லட்சம் ரூபாய்க்கும் மேல்! அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு. ஆறில் ஒரு பங்கு போக்குவரத்துக்கு. உணவுக்கோ நூற்றுக்கு 13தான். நம் நாட்டுக் கணக்கு தலைக்கு இவ்வளவென்று கூறுவது. 2023-24இல் நாட்டுப்புறத்தில் ஒருவருடைய மாதச் செலவு சராசரியாக 4,122 ரூபாய். அதில் நூற்றுக்கு 47 உணவுக்கே போயிற்று.

வருவாய் குறையக் குறைய, செலவில் உணவின் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இலேயே எடுத்துரைத்தார். அவ்வளவுகோலின்படி அவர்கள் செல்வர்களே, ஐயமில்லை. ஆயினும் உணவுக்குப் போக எஞ்சுவதெல்லாம் கையில் நிற்பதன்று. வாடகையும், காரும், காப்பீட்டுத் தவணையும் முந்திக்கொள்கின்றன. ஈட்டுவது டாலரில் என்று பெருக்கிய நாம், செலவிடுவதும் டாலரில்தான் என்பதை மறந்துவிட்டோம்.

மகனிடமும் குறையுண்டு. குறைவாக அனுப்பியதன்று அது. தம் நிலையைத் தாயிடம் மறைத்தது. ஆராயாமல் கடிந்தது நம் குறை. அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுமடல் எழுதினோம்.

கணக்கை அத்தாய்க்கு விளக்கிச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அப்படியானால் அவனுக்கும் மாதக் கடைசி உண்டா, சாமி?" என்றார். பிறகு, மருந்துக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு என்று தம் செலவையும் சொல்லி, மகனுக்கு எழுதச் சொன்னார்.

அன்பர்களே, தொலைவில் உள்ள பிள்ளைகளின் வரவை மட்டும் எண்ணாதிருப்போம். இரு வீட்டுச் செலவும் இரு வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும்.