நூறு மில்லிவோல்ட்டின் கணக்கு

எல்.இ.டி. விளக்கு அணைந்துபோனால் ‘பல்பு போய்விட்டது’ என்று சொல்வதே வழக்கமாக இருக்கிறது; ஆனால் அணைந்ததற்குக் காரணம் பல நேரங்களில் ஒளி உமிழும் டையோடு அன்று, அதற்கு மின்னோட்டம் ஊட்டும் சுற்றே. டையோடே கருகியிருந்தாலும், அதைக் கருக்கியதில் அந்தச் சுற்றுக்குப் பெரும்பாலும் பங்கு உண்டு. கடைத்தெருவில் ‘டிரைவர்’ என்று வழங்கும் இவ்வுறுப்பை விளக்கு வாங்குவோர் யாரும் கேட்டு வாங்குவதில்லை. நீல ஒளி டையோடுக்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்த டையோடு ஆண்டுக்கணக்கில் கருகாமல் எரியும்படி சுற்றமைப்போருக்கு ‘வயரிங் ஆள்’ என்பதற்கு மேல் ஒரு பெயர் இன்னும் வாய்க்கவில்லை.

உயர்திறன் வெள்ளை டையோடு ஒன்று எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 3 வோல்ட் நிற்கும். அந்த மின்னழுத்தத்தைச் சிறிதளவு கூட்டினாலும் மின்னோட்டம் அதே விகிதத்தில் நில்லாமல் தாவி ஏறும். அதோடு, டையோடு சூடேறச் சூடேற, அதே மின்னோட்டத்துக்கு அது கேட்கும் மின்னழுத்தம் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் 2 முதல் 4 மில்லிவோல்ட் வரை குறைந்துகொண்டே வரும். மூன்று டையோடுகளைத் தொடராக இணைத்து, அவை 50 பாகை சூடேறுவதாகக் கொண்டால், இக்குறைவு அரை வோல்ட்டை நெருங்கிவிடும். ஆகவே ஆயத்தமாகக் கிடைக்கும் மின்னழுத்தச் சீராக்கிப் பலகை ஒன்றை வாங்கி, அதன் திருகை 9.6 வோல்ட்டில் நிறுத்தி, விளக்கு எரிந்ததும் ‘செட் ஆகிவிட்டது’ என்று கையைத் துடைத்துக்கொள்ளும் இளைஞர், குளிர்ந்திருக்கும் டையோடுக்கு மட்டுமே அளவு பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் கழித்து அவ்விளக்கில் ஓடும் மின்னோட்டம் வேறு. நிலையாக நிறுத்தப்பட வேண்டியது மின்னோட்டம். மின்னழுத்தத்தை டையோடு தன் போக்கில் தேர்ந்துகொள்ளும்.

அவ்வாறு நிறுத்துவதற்கு உரியது படியிறக்கிச் சீராக்கி, அதாவது உயர்ந்த மின்னழுத்தத்தைத் துண்டுதுண்டாக வெட்டித் தாழ்த்தித் தரும் சுற்று. இதில் டிரான்சிஸ்டர் இணைந்திருக்கும்போது காயிலின் வழியே மின்னோட்டம் ஏறி அதன் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது; டிரான்சிஸ்டர் துண்டித்ததும் காயில் தன் மின்னோட்டத்தை விடாமல் ஷாட்கி டையோடு வழியே சுழலவிடுகிறது. 24 வோல்ட்டிலிருந்து 9.6 வோல்ட் பெற டிரான்சிஸ்டர் ஏறத்தாழ 40 சதவீத நேரம் இணைந்திருக்கும். அதே வேலையை வெறும் மின்தடையைக் கொண்டு செய்தால், விளக்குக்கு 6.4 வாட் கொடுப்பதற்காக 9.6 வாட்டை வெப்பமாக இழக்க நேரிடும்.

இதுவரை சொன்னது எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். தொழில் தொடங்கும் இடம் சென்ஸ் ரெசிஸ்டர். டையோடுகளின் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளந்து சொல்வதற்கென்றே தொடராக வைக்கப்படும் மிகச் சிறிய மின்தடை இது. பி.டி.4115 போன்ற சில்லுகள் இதன் இரு முனைகளுக்கிடையே சராசரி 100 மில்லிவோல்ட் நிற்கும்படி டிரான்சிஸ்டரை இணைத்தும் துண்டித்தும் வருகின்றன, எனவே 0.15 ஓம் வைத்தால் 667 மில்லிஆம்பியர் கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை. 35 மைக்ரான் தடிமனுள்ள செம்புப் பலகையில் 1 மி.மீ. அகலமும் 20 மி.மீ. நீளமும் உடைய ஒரு தடத்துக்கே ஏறத்தாழ 10 மில்லிஓம் உண்டு. மின்தடையிலிருந்து தள்ளி, அத்தகைய தடத்தின் மறுகோடியிலிருந்து அளவுக்கம்பியை எடுத்தால் சில்லுக்குத் தெரிவது 0.16 ஓம், மின்னோட்டமோ 625-க்கு இறங்கிவிடும். வெளிச்சம் குறைகிறதே என்று மின்தடையின் முதுகில் 1 ஓம் ஒன்றைச் சாய்த்துப் பற்றவைப்பது இப்போது பரவியுள்ள குறுக்குவழி. அப்போது 712 வரும், ‘சரியாகிவிட்டது’ என்பர். பின்னொரு நாள் யாரேனும் அத்தடத்தின் மேல் ஈயத்தைத் தடிப்பாக ஓடவிட்டால் மின்னோட்டம் 767-ஐ நோக்கி ஏறும்; 700-க்கு மேல் தாங்காத டையோடு கருகும்; பழி டையோடின் மேல் விழும்.

இதற்குத் தீர்வு ஒன்றும் மறைபொருள் அன்று. மின்தடையின் இரு திட்டுகளின் உள்விளிம்பிலிருந்து, பெருமின்னோட்டம் செல்லாத தனித் தடங்கள் இரண்டைச் சில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். அவற்றில் மின்னோட்டம் ஓடாததற்கு ஒப்பாகையால் அவற்றின் மின்தடை கணக்கில் சேராது. கெல்வின் இணைப்பு என்று இதற்குப் பெயர். முந்தைய தலைமுறை இதை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் பிழைத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு: எல்.எம்.2596 போன்ற பழைய சீராக்கிகளின் ஒப்பீட்டு மின்னழுத்தம் 1.23 வோல்ட், 700 மில்லிஆம்பியருக்கு 1.76 ஓம் வைத்த இடத்தில் 10 மில்லிஓம் யார் கண்ணிலும் படாது, ஆனால் அம்மின்தடையிலேயே 0.86 வாட் வீணாகும். புதிய சில்லு அவ்விழப்பை 0.07 வாட்டாகக் குறைத்தது. பிழை பொறுக்கும் இடத்தையும் கூடவே குறைத்தது. இந்த இரண்டாம் பாதியைப் பத்து நிமிடக் காணொளிகளில் எவரும் சொல்வதில்லை.

வெளியீட்டில் பெரிய மின்தேக்கி வைத்துவிட்டு, மின்சாரம் ஓடும்போதே டையோடுகளைச் செருகுவதும் இத்தகைய அறியாமையே. சுமையின்றி நிற்கும் மின்தேக்கி 24 வோல்ட் வரை நிறைந்திருந்து, செருகிய கணத்தில் அத்தனையையும் டையோடுகளின் மேல் கொட்டும். சீராக்கிக்கு அதைத் தடுக்க வழியே இல்லை.

0.15 ஓம் என்று அச்சிட்ட மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் சோதித்து, 0.4 காட்டுகிறது என்று தூக்கி எறிவோரும் உளர். அக்கருவியின் கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்தாலே பெரும்பாலும் 0.2-க்குக் குறையாமல் காட்டும். சோதிக்க வேண்டிய முறை வேறு: மின்தடையின் வழியே சரியாக 1 ஆம்பியரைச் செலுத்தி, கருவியை மில்லிவோல்ட்டுக்குத் திருப்பி, அதன் முனைகளைக் கம்பியின் மேலோ பற்றாசின் மேலோ வைக்காமல் மின்தடையின் உலோகத் தலைப்புகளிலேயே ஊன்றிப் பார்க்க வேண்டும், 150 காட்டினால் பொருள் நல்லது. இதற்கு மூன்று நிமிடம் ஆகும். இன்று கேட்கப்படும் விலைப்புள்ளிகளில் அந்த மூன்று நிமிடத்துக்குக் கூலி போடும் கட்டம் இல்லை.